பின்னோக்கி முந்நூறு கெஜம்

ஏப்ரல் மாதம் டூகல் லாரிமரிடமிருந்து கண் டாக்டர் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தால் உலகம் தெரியும், நேரே பார்த்தால் சாம்பல். நாற்பது வருடம் பெய்ஸ்லி ஊர்க் குழாய்களையெல்லாம் கட்டி மேய்த்த மனுஷன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆகஸ்ட் வரைக்கும் சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் எழுந்தார்.

அப்புறம் ஒரு நாள் காலை ஓட்ஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "வேனை வித்துடலாம்னு இருக்கேன். பெர்த் ஊர்ல ஒருத்தன் கேக்கறான். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை வந்து எடுத்துக்கறானாம்" என்றார்.

அவர் மனைவி எஃபி அடுப்பு முன்னால் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். அது கேம்பர் வேன். ஏழு மீட்டர் நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. பதினேழு வருடமாக ஸ்காட்லாந்தின் கடற்கரை ஒன்று விடாமல் அதில்தான் சுற்றினார்கள். முதலில் ஒரு நாய், அது போன பிறகு இப்போதிருக்கும் குளூட்டி. எஃபிக்கு வேன் போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த வண்டியும் போய்விட்டால் இந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அதை அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் வேண்டுமென்றே எழுந்திருக்க மாட்டார்.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

டூகல் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எஃபிக்கே தெரியவில்லை.

"நீயா? பதினேழு வருஷத்துல ஒரு தடவையாவது அத ரிவர்ஸ் எடுத்திருக்கியா?"

"நீ எங்க விட்ட?"

"நல்லவேளை விடல. வேலி தப்பிச்சுது."

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் தினமும் முந்நூறு தட்டுக்குச் சோறு போட்டவள் எஃபி. கரண்டியைக் கீழே வைக்காமலே தலைமையாசிரியரை வெளியே அனுப்பியவள். கஞ்சிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "சரி, பந்தயம் என்ன?" என்று கேட்டாள்.

டூகல் யோசித்தார். "கேமஸ் ரூவா. அந்தக் கணவாயத் தாண்டி, கீழ கடற்கரை வரைக்கும் நீ ஓட்டணும். வழியில ஒரு எடத்துல கூட ஸ்டியரிங்க வேற ஒருத்தர் கையில குடுக்கக் கூடாது. குடுத்தியா, வண்டி பெர்த்துக்கு."

"குடுக்கலன்னா?"

"குடுப்ப."

கேமஸ் ரூவா போகும் சாலையைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்கள் பெருமையாகவும் வெளியாட்கள் முணுமுணுத்தும் பேசுவார்கள். ஒரே ஒரு வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைக்குக் கீழே அட்லாண்டிக் கடல். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க, அங்கங்கே சாலையைக் கொஞ்சம் அகலப்படுத்தி வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள். யாருக்கு அந்த ஒதுங்குமிடம் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும். போனவருக்கு மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்ல வேண்டும். கேம்பர் வேன்காரர்களுக்குப் பின்னால் போகத் தெரியாது என்பது அங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

வேன் நின்றது இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகைக் கொட்டிலில். பந்தயம் கட்டிய மறுநாளே எஃபி காலை ஐந்தரைக்கு எழுந்தாள். "நாய நடத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சூப்பர் மார்க்கெட் வாசலில், அந்த நேரத்தில் ஒரு ஈ காக்கை இல்லாத கார் நிறுத்துமிடத்தில், தண்ணீர் நிரப்பிய எலுமிச்சை சோடா பாட்டில்களை இரண்டு வரிசையாக நட்டாள். நடுவே வேனைப் பின்பக்கமாக விட்டாள். முதல் நாள் பதினொரு பாட்டில் பரலோகம் போனது. ரிவர்ஸ் போட்டால் பீப் பீப் என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் குளூட்டிக்கு ஆகாது. தலையைத் தூக்கி ஊளையிடும். அது வந்த நாளிலிருந்து எந்த முகாமிலும் லாரிமர் குடும்பம் வந்து சேர்ந்தது ஊருக்கே தெரிந்துவிடும். முதல் வாரம் முழுக்க ஊளையிட்டது. மூன்றாவது வாரம் ஒரு காதை மட்டும் தூக்கியது. ஆறாவது வாரம் குறட்டை விட்டது. பாட்டிலும் ஒன்றுகூட விழவில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல். தினமும் ஒன்றரை மணி நேரம் நடக்கும் நாய் ஏன் பீப்பாய் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது என்று டூகலுக்குக் கவலை வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து அதைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் தீனியைப் பாதியாக்கினார். குளூட்டி அன்று இரவு காலித் தட்டைப் பார்த்தது, எஃபியைப் பார்த்தது. எஃபியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெர்த்காரன் வரவேண்டிய வாரம், புதன்கிழமை கிளம்பினார்கள். வியாழன் முற்பகல் கணவாயின் உச்சி. காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. டூகல் இடது இருக்கையில், மடியில் நாயோடு, கண்ணுக்குத் தெரியாத சாலையைப் பார்த்துக்கொண்டு கட்டளை போட்டபடி வந்தார்.

"ரெண்டாவது கியர்."

"ரெண்டுலதான் இருக்கு."

"பிரேக்க மிதிச்சே வராத. சூடாயிடும்."

"டூகல், நீ நாய மட்டும் பாத்துக்க."

இதுவரைக்கும் எதிரே வந்தது நான்கு கார், ஒரு பால் வண்டி. எல்லாரும் அவளைக் கண்டதும் தூரத்திலேயே ஒதுங்கிக்கொண்டார்கள். கேம்பர் வேனைக் கண்டால் அங்கத்து ஆட்கள் அப்படித்தான், பெரிய மனசால் அல்ல, நம்பிக்கையில்லாமல். எஃபிக்கு அது உறைத்தது. ஒவ்வொருவருக்கும் விரலைத் தூக்கினாள். தூக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் எரிந்தது.

இறக்கத்தில் பாதியில், கடல் பக்கம் புடைத்துக்கொண்டு நின்ற ஒரு ஒதுங்குமிடத்தை நெருங்கும்போது, வெகு கீழே ஒரு கறுப்புக் கார் ஏறி வருவதை எஃபி பார்த்தாள். கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"ஏன் நிறுத்தற?"

"கீழ ஒரு கறுப்பு கார் வருது. இங்க நிக்கறேன்."

டூகல் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒரே ஒரு காருதானே? அவன் ஒதுங்கிக்குவான். போ, போ. இப்படி எல்லா எடத்துலயும் நின்னா கிறிஸ்துமஸுக்குத்தான் போய்ச் சேருவோம்."

கண் தெரியாத ஆள் சொன்னதை, கண் தெரிந்தவள் கேட்டாள். நாற்பத்தொரு வருடப் பழக்கம், சட்டென்று போய்விடாது. பாறை ஒன்று மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த வளைவைச் சுற்றினாள், இன்னும் நூற்றைம்பது கெஜம் இறங்கினாள். அங்கே அந்தக் கறுப்புக் கார் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

அது கார் இல்லை. சவ வண்டி.

நீளமான கண்ணாடிக்குள் பெட்டி, பெட்டியின் மேல் ஊதா ஹெதர் பூக்கள். அதற்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் கார், லேண்ட்ரோவர், டிராக்டர்கூட ஒன்று, மலையின் அடுத்த மடிப்பு வரைக்கும். கேமஸ் ரூவா ஊரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தது. கல்லறை கணவாய்க்கு அந்தப் பக்கம்.

"எஃபி, என்னது அது? ஏன் நின்னுட்ட?"

"சாவு."

அந்தச் சாலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பால் வண்டியைப் பின்னால் போகச் சொல்லலாம், போலீஸ் காரையும் சொல்லலாம். சவ வண்டியை மட்டும் யாரும் ஓர் அடிகூடப் பின்னால் போகச் சொல்ல மாட்டார்கள். கடைசிப் பயணத்தில் ஒரு மனுஷனை வந்த வழியே திருப்பி அனுப்புவதா? சொன்னாலும் முடியாது, பின்னால் ஒரு ஊரே நிற்கிறது. ஆக, போக வேண்டியது அவள்தான். மேட்டில், வளைவைச் சுற்றி, முந்நூறு கெஜம், பின்பக்கமாக.

சவ வண்டிக்கு அடுத்த காரிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார். அகலத் தோள், கறுப்பு டை, கையில் கழற்றிய தொப்பி. எஃபி கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றார். குரலில் கேலி இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "நான் லாக்கி மக்காஸ்கில். உள்ள படுத்திருக்கறது எங்க சித்தப்பா நீல். சாவியக் குடுங்க, நான் ரெண்டு நிமிஷத்துல மேல கொண்டுபோய் விட்டுடறேன். இந்த ரோட்டுலதான் பொறந்தோம், வளந்தோம்."

டூகல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "குடுத்துடு எஃபி. இது பிடிவாதம் பிடிக்கற எடம் இல்ல. செத்தவர நிக்க வைக்கக் கூடாது."

எஃபி சாவியைப் பார்த்தாள். கொடுத்தால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை, நல்ல பொம்பளை என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை பெர்த்காரன் வருவான். திங்கட்கிழமை டூகல் நாற்காலியில் இருப்பார், அடுத்த திங்கட்கிழமையும். ஒரு பக்கம், தன் வீட்டுப் பந்தயத்துக்காக ஒரு பிணத்தைக் காக்க வைப்பது எவ்வளவு பெரிய அகம்பாவம் என்றும் தோன்றியது. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, காலை ஐந்தரை மணிக்கு ஆறு வாரம் அவள் எழுந்திருந்ததும் இருந்தது.

"உங்க சித்தப்பாவுக்கு அவசரமா?" என்று கேட்டாள்.

லாக்கியின் வாயோரத்தில் சிரிப்பு ஆடியது. "ஆயுசுல ஒரு நாளும் எதுக்கும் நேரத்துக்குப் போனதில்லம்மா அவரு."

"அப்ப பத்து நிமிஷம் குடுங்க. நானே எடுக்கறேன்."

"எஃபி!" என்றார் டூகல்.

அவள் ரிவர்ஸ் போட்டாள். பீப், பீப், பீப்.

டூகல் பழக்கத்தில் நாயின் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனார். பொத்த ஒன்றுமில்லை. குளூட்டி அவர் மடியில் ஒரு பெரிய கொட்டாவி விட்டு, மோவாயை அவர் முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"இது ஏன் ஊளையிடல?"

"பழகிடுச்சு."

"எங்க பழகிச்சு?"

"சூப்பர் மார்க்கெட் வாசல்ல. ஆறு வாரமா."

டூகல் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அப்ப அந்த நடை?"

"நடையே இல்ல, டூகல்."

"நான் அத டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேனே! அதுக்கு அரைவயித்துச் சோறு போட்டேனே!"

"அதுகிட்ட அப்புறம் மன்னிப்பு கேட்டுக்கலாம். இப்ப எறங்கி, வளைவத் தாண்டி மேல போய் நில்லு. மேலருந்து எவனும் எறங்கி வரக் கூடாது. வண்டி வந்தா நடு ரோட்டுல நின்னு கைய ஆட்டு."

"என் கண்ணு..."

"ஏழு டன் லாரி வந்தா ஓரக்கண்ணுலயே தெரியும். போ."

சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டடிப் புல். டூகல் நாயை இருக்கையில் வைத்துவிட்டு, வேனின் உடம்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, பாறைப் பக்கம் மாறி மேலே ஏறினார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் இவ்வளவு வேகமாக நடந்து எஃபி பார்த்ததில்லை. அதைப் பார்த்து மகிழ அவளுக்கு நேரமும் இல்லை.

கிளட்சை மெல்ல விட்டாள். கடல் பக்கம் அவளுக்கு எட்டாத இடது பக்கம். அங்கே பார்த்தால் கண்ணாடியில் வெறும் வானம். அதனால் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பாறைக்கும் வேனுக்கும் நடுவே ஒரு கை அகலம். அந்த ஒரு கை அகலம் மாறாமல் இருந்தால் மறுபக்கமும் சரியாகத்தான் இருக்கும். பாட்டில்கள் கற்றுக் கொடுத்தது அதைத்தான். வண்டியின் உடம்பைப் பார்க்காதே, பின் சக்கரத்தைப் பார். ஸ்டியரிங்கை இழுக்காதே, கொஞ்சமாகக் காட்டு.

வேன் ஏறியது. முன்னால் சவ வண்டியும் மெல்ல நகர்ந்து வந்தது. எஃபி பின்னால் போகப் போக அதுவும் அதே அளவு முன்னால் வந்தது. அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தபோதெல்லாம் நீல் மக்காஸ்கில் பூவோடு நேர் எதிரே இருந்தார். அவருக்குப் பின்னால் கார்களிலிருந்து இறங்கியவர்கள், கறுப்புக் கோட்டும் காற்றில் பறக்கும் முடியுமாக, பேசாமல் நடந்து வந்தார்கள். யாரும் இடது, வலது என்று கத்தவில்லை. அந்த நாகரிகத்துக்காக அவள் அந்த ஊரைக் காலத்துக்கும் மறக்கவில்லை.

நூறு கெஜம். நூற்றிருபது. வளைவு வந்தது.

பாறை மூக்கைச் சுற்றிப் பின்பக்கம் வலது புறம் திரும்ப வேண்டும். பின்பக்கம் உள்ளே போனால் முன்பக்கம் கடல் பக்கம் வீசும். முதல் முறை திருப்பியதும் இடது முன் சக்கரம் புல்லில் ஏறுவது அவள் இருக்கைக்கே தெரிந்தது. கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அவை கீழே விழுந்து நிற்கும் சத்தம் கேட்கவில்லை. நடந்து வந்த கூட்டத்தில் ஒரு பெண் "கடவுளே" என்றாள்.

எஃபி நிறுத்தினாள். கை பிரேக்கை இழுத்தாள். உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்தாள். குளூட்டி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"உனக்கென்ன, தூங்கு" என்றாள்.

முன்னால் ஒரு மீட்டர். சவ வண்டி புரிந்துகொண்டு அதற்கு இடம் விட்டே நின்றிருந்தது. மீண்டும் ரிவர்ஸ். இந்த முறை பாறைக்கு ஒரு கை அகலம் விடவில்லை. வலது கண்ணாடியை மடக்கினாள், ஜன்னல் வழியே தலையை நீட்டி, பாறையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி விட்டாள். வேனின் பின் ஓரம் பாறையில் உரசியது. டூகல் ஒவ்வொரு வசந்தத்திலும் மெழுகு போட்டுத் தேய்த்த பெயின்ட், நீளமாக, கிறீச்சென்று கீறிக்கொண்டு போனது. உரசட்டும். உரசுகிற பக்கத்தில் தரை இருக்கிறது என்று அர்த்தம். அவள் நிறுத்தவில்லை. இடது சக்கரம் புல்லை விட்டு இறங்கித் தாரில் உட்கார்ந்தது.

பாறை பின்னால் போய்விட்டது. சாலை நேராயிற்று. இடது கண்ணாடியில் தூரத்தில், நடு ரோட்டில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். தடுக்க அங்கே ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் விரித்த கையை இறக்காமல் நின்றார்.

மீதி நூற்றைம்பது கெஜத்தை அவள் பேருந்து ஓட்டுகிறவளைப் போல ஒரே வீச்சில் எடுத்தாள். வெள்ளைப் பலகையைத் தாண்டினாள், ஸ்டியரிங்கை ஒடித்தாள், கடல் மேல் புடைத்திருந்த அந்தத் திட்டில் ஏழு மீட்டரையும் ஒரே தடவையில் நுழைத்து நிறுத்தினாள். பின்னால் ஓர் அடி மிச்சம். எஞ்சினை அணைத்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஓங்கி ஓர் அடி அடித்தாள், ஹார்ன் அலறிவிட்டது. சாவு ஊர்வலத்தின் முகத்துக்கு நேராக.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

சவ வண்டி அவள் பக்கத்தில் வந்து நின்றது. உயரத் தொப்பி வைத்த ஓட்டுநர், தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார். அடுத்த காரில் லாக்கி ஓட்ட, பின் ஜன்னல் இறங்கியது. உள்ளே வெள்ளை முடியோடு நீலின் மனைவி பெக்கி. கண் சிவந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் இந்த ரோட்டுல முப்பத்தொரு வருஷம் தபால் வேன் ஓட்டினாரு" என்றாள். "தெனம் ராத்திரி சாப்பாட்டு மேசைல கேம்பர் வேன்காரங்களத் திட்டாம ஒரு வாய் உள்ள போகாது. ஒருத்தனாச்சும் பின்னால போறத செத்தாலும் பாக்க மாட்டேன்ம்பாரு." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாயிற்று. "பாத்துட்டாரு. ரெண்டு மணிக்கு ஊர் மண்டபத்துல சூப்பு இருக்கு. நீங்க வராம நாங்க யாரும் கரண்டியத் தொட மாட்டோம். நாயையும் கூட்டிட்டு வாங்க."

அப்புறம் கார்கள். ஒவ்வொரு காரும் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது ஒரு விரல் இல்லை, முழுக் கை. டிராக்டர்காரர் எழுந்தே நின்று கையைத் தூக்கினார். எஃபி எல்லாருக்கும் தூக்கினாள். கடைசிக் கார் போனபோது அவள் கை வலித்தது, கன்னம் நனைந்திருந்தது.

டூகல் மெல்ல இறங்கி வந்தார். வேனைச் சுற்றி நடந்தார். பின் ஓரத்துக் கீறலைக் கையால் தடவி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலை ஓட்டினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எஃபி காத்திருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து முகத்துக்கு ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். அந்த உயரத்தில் சிக்னல் இருந்தது. எண்ணை அழுத்தினார்.

"பெர்த்தா? லாரிமர் பேசறேன். சனிக்கிழமை வர வேண்டாம்." காற்றில் காதைப் பொத்திக்கொண்டார். "இல்ல, வேற யாரும் அதிகமா கேக்கல. வண்டி நல்லாத்தான் இருக்கு. டிரைவர் குடுக்க மாட்டேங்கறாங்க." எதிர்முனையில் அவன் ஏதோ கேட்டான். டூகல் நிமிர்ந்து நின்றார், ஏப்ரலில் நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பெல்லாம் நிற்பாரே, அப்படி. "நானா? நான் கூட வர்ற ஆளுப்பா."

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு இடது கதவைத் திறந்தார்.

"ஏறு" என்றாள் எஃபி. "சூப்பு ஆறிடும்."